உணரியால் இயங்கும் இருசுர வாசல் மணி

வாசலில் ஆள் வந்ததையோ கதவு திறந்ததையோ தானே அறிந்து, ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு சுரங்களை ஒலித்து வீட்டாருக்குத் தெரிவிக்கும் சிறிய மின்னணுக் கருவி இது. 'டிங்–டாங்' மணி என்று எல்லோருக்கும் தெரிந்த ஒலிதான். பொத்தானை அழுத்தும் விரலின் வேலையை இங்கே உணரி, அதாவது சென்சார், செய்கிறது. கடைகளிலும், மருத்துவரின் காத்திருப்பு அறைகளிலும், முன்வாசலுக்கும் சமையலறைக்கும் தொலைவு கூடிய வீடுகளிலும் இதைக் காணலாம். கடையில் ஆயத்தமாகவே கிடைத்தாலும், 555 என்ற ஐ.சி. இரண்டையும் கைப்பிடி அளவு உதிரிப் பொருள்களையும் கொண்டு வீட்டிலேயே செய்துவிடலாம். மின்னணுவியல் பழகத் தொடங்குவோர் சால்டரிங் அயர்னைக் கையிலெடுத்ததும் செய்து பார்க்கத் தகுந்த கருவிகளுள் இதற்கு முதலிடம் தரலாம்.

கருவியில் நான்கு பகுதிகள் உண்டு. முதலில் உணரி, அடுத்து, உணரி தரும் சைகையை ஒரே ஒரு குறுந்துடிப்பாக மாற்றும் பகுதி, பிறகு சுரங்களை உண்டாக்கும் அலையியற்றி, கடைசியில் ஒலிபெருக்கி. புதிதாகச் செய்வோர் பெரிதும் மெனக்கெடுவது மூன்றாவது பகுதிக்காக. ஆனால் கருவி நிலைத்து நிற்பதும், இரண்டே நாளில் எரிச்சலூட்டிக் கழற்றி வைக்கப்படுவதும் இரண்டாவது பகுதியைப் பொறுத்தவை.

வரலாறு

மின்சாரத்தால் மணியடிக்கும் வழக்கம் 1831-ஆம் ஆண்டை ஒட்டித் தொடங்குகிறது. அமெரிக்காவின் ஆல்பனி நகரில் ஆசிரியராக இருந்த ஜோசப் ஹென்றி, நீண்ட கம்பியின் ஒரு முனையில் மின்னோட்டத்தைச் செலுத்தி, மறுமுனையில் இருந்த மின்காந்தத்தால் மணி ஒன்றை ஒலிக்கச் செய்து காட்டினார். பின்னர் பரவிய மின்மணிகளில் சுத்தியல் தன் இணைப்பைத் தானே துண்டித்துத் துண்டித்துக் கிண்ணத்தை விடாமல் தட்டும். பள்ளிக்கூடத்துக்கும் தீயணைப்பு நிலையத்துக்கும் அது பொருத்தம். வீட்டுக்குள் ஒலிக்க அது கடுமையானது.

அந்தக் கடுமைக்கு மாற்றாக வந்ததே இருசுர மணி. 1930-களில் அமெரிக்க வீடுகளில் இது வேகமாகப் பரவியது. 1936-இல் சின்சினாட்டியில் தொடங்கப்பட்ட நியூட்டோன் நிறுவனம் வாசல் மணிகளால் பெயர் பெற்றது. இருசுர மணியின் பொறியமைப்பு எளிமையிலும் எளிமை. கம்பிச்சுருளுக்குள் ஓர் இரும்புத் தண்டு. அதன் இரு பக்கத்திலும் வெவ்வேறு சுரத்துக்குச் சுருதி கூட்டிய இரண்டு உலோகத் தகடுகள். பொத்தானை அழுத்தினால் தண்டு இழுபட்டுப் போய் மேல்சுரத் தகட்டில் மோதும்: டிங். விரலை எடுத்தால் சுருள்வில் தண்டைத் திருப்பித் தள்ள, அது கீழ்சுரத் தகட்டில் மோதும்: டாங். முதல் சுரம் அழுத்தலால் வருவது, இரண்டாவது விடுதலால் வருவது. மின்னணு முறையில் இதைச் செய்யும் எல்லாச் சுற்றுகளும் இந்த நடத்தையைத்தான் வேறு வழியில் திரும்பச் சொல்கின்றன.

மின்னணு மணிகளுக்கென்றே தனி ஐ.சி.கள் வந்தன. சீமென்ஸ் நிறுவனத்தின் எஸ்.ஏ.பி. 0600 அவற்றுள் பெயர் பெற்றது. 660, 550, 440 ஹெர்ட்ஸ் என மூன்று சுரங்களை அடுத்தடுத்து ஒலித்து, ஒவ்வொன்றையும் தேய்ந்து அடங்கச் செய்யும். அதன் இருசுர உடன்பிறப்பு 0602. இந்தியச் சந்தையில் யு.எம். 66 என்ற மூன்று கால் இசை ஐ.சி. பொம்மைகளிலும் வாழ்த்து அட்டைகளிலும் அழைப்பு மணிகளிலும் நுழையாத இடமில்லை. இரண்டு பென்சில் பேட்டரியில் அது ஒரு முழு மெட்டையே வாசித்துவிடும். ஆனால் வாசலுக்கு மெட்டு தேவையில்லை. கடையில் நாள் முழுக்க ஆள் வந்துபோகும்போது, ஒவ்வொருவருக்கும் ஒரு பாட்டு என்பது கல்லாவில் உட்கார்ந்திருப்பவருக்குத் தண்டனை. இரண்டு சுரம், ஒரு நொடிக்குச் சற்றே மேல்: அதற்கு மேல் வேண்டியதில்லை.

வீட்டில் செய்வோருக்கு 555-தான் இன்றும் முதல் துணை. சுவிட்சர்லாந்தில் பிறந்த ஹான்ஸ் கமென்சிண்ட் 1971-இல் சிக்னெடிக்ஸ் நிறுவனத்துக்காக இதை வடிவமைத்தார். அடுத்த ஆண்டு சந்தைக்கு வந்தது. எட்டுக் கால் கொண்ட அந்தக் கறுப்புத் துண்டு, அரை நூற்றாண்டு கடந்தும் அதே கால் வரிசையோடு சென்னை ரிச்சி தெருவின் எந்தக் கடையிலும் கேட்டவுடன் கிடைக்கிறது.

இரண்டு சுரங்களின் கணக்கு

பழைய டிங்–டாங் மணிகளில் முதல் சுரத்துக்கும் இரண்டாவதற்கும் உள்ள அதிர்வெண் விகிதம் பெரும்பாலும் 5-க்கு 4. மேற்கத்திய இசையில் எடுத்துக்காட்டாக 659 ஹெர்ட்ஸில் தொடங்கி 523 ஹெர்ட்ஸில் இறங்கும். கர்நாடக இசை அறிந்தவருக்கு இது சொல்லாமலே விளங்கும்: அந்தர காந்தாரத்திலிருந்து ஷட்ஜத்துக்கு வருவது. சங்கராபரணத்திலும் கல்யாணியிலும் காதுக்குப் பழகிய இறக்கம். ஷட்ஜத்தில் வந்து அமர்வதால் ஒலி முடிந்துவிட்டது என்ற நிறைவு கிடைக்கிறது. வரிசையைத் தலைகீழாக்கி ஷட்ஜத்திலிருந்து காந்தாரத்துக்கு ஏற்றினால், இன்னும் ஏதோ வரவேண்டியிருப்பதுபோல் தொங்கும். விகிதத்தை 6-க்கு 5 ஆக்கினால் சாதாரண காந்தாரம். கரகரப்பிரியாவின் சாயல் தட்டும்.

இங்கே ஒரு வசதி இருக்கிறது. நம் இசையில் ஷட்ஜத்துக்கு நிலையான அதிர்வெண் கிடையாது; பாடுபவரின் குரலுக்கு ஏற்ப எங்கும் வைக்கலாம். மணிக்கும் அப்படியே. கீழ்சுரம் 500 ஹெர்ட்ஸானாலும் 550 ஹெர்ட்ஸானாலும் கேட்பவருக்குக் குறையில்லை. இரண்டுக்கும் இடையிலுள்ள விகிதம் பிசகினால்தான் உடனே உறுத்தும். ஆகவே உதிரிப் பாகங்களின் அளவில் சிறு ஏற்ற இறக்கம் இருந்தால் கவலை வேண்டாம். விகிதத்தை மட்டும் திருத்திக்கொள்ள ஒரு வழி வைத்துக்கொண்டால் போதும்.

இந்த 500–700 ஹெர்ட்ஸ் பகுதியைத் தேர்ந்தெடுப்பதற்கு இசையைத் தாண்டியும் ஒரு காரணம் உண்டு. முதுமையில் கேட்கும் திறன் குறையத் தொடங்குவது உயர்ந்த அதிர்வெண்களிலிருந்துதான். 3,000 ஹெர்ட்ஸ் அளவில் கீச்சிடும் மலிவு விலை பீசோ பஸர், இளையவர் காதைத் துளைத்தாலும் பக்கத்து அறையில் இருக்கும் பாட்டிக்கு எட்டாமல் போகலாம். வயதானவர் இருக்கும் வீட்டுக்குத் தாழ்ந்த சுரமும் நல்ல ஒலிபெருக்கியும் உள்ள மணியே ஏற்றது.

உணரி வேறு, விரல் வேறு

விரல் பொத்தானை அழுத்தி அரை நொடியில் விட்டுவிடும். உணரி அப்படி இல்லை. கதவு காந்தத்தால் இயங்கும் உணரி, கதவு திறந்திருக்கும் வரை சைகை தந்துகொண்டே இருக்கும். கடைக்காரர் காற்றுக்காகக் கதவைத் திறந்து வைத்தால் முழு மாலையும் அது 'திறந்திருக்கிறது' என்றுதான் சொல்லும். உடல்வெப்ப உணரி, ஆள் நகர்ந்துகொண்டிருக்கும் வரை விடாது. ஒளிக்கற்றை உணரியோ, ஒருவர் கடக்கும்போது கை ஒரு தடவை, பை ஒரு தடவை, உடல் ஒரு தடவை என மூன்று முறை அறுபடும். இந்தச் சைகைகளை அப்படியே அலையியற்றிக்குக் கொடுத்தால், மணி ஓயாமல் ஒலிக்கும் அல்லது திக்கும். நீண்டதைச் சுருக்கி, பலவற்றை ஒன்றாக்கி, 'ஒருவர் வந்தார்' என்ற ஒற்றைச் செய்தியாக மாற்றுவதே இக்கருவியின் உயிர்நாடி.

இதற்கு இரண்டு உத்திகள் சேர்ந்து பயன்படுகின்றன. ஒன்று, சைகையை நேரடியாக இணைக்காமல் சிறிய மின்தேக்கி வழியாக அனுப்புவது. மின்தேக்கி மாற்றத்தை மட்டும் கடத்தும். மாறாமல் நிற்கும் மின்னழுத்தத்தைத் தடுத்துவிடும். கதவு திறந்த கணம் மட்டும் ஒரு துடிப்பு போகும். அதன்பின் கதவு மணிக்கணக்கில் திறந்திருந்தாலும் அமைதி. இரண்டாவது, அந்தத் துடிப்பால் தூண்டப்படும் 555-ஐ ஒற்றைத்துடிப்பு முறையில் இயக்குவது. ஒருமுறை தூண்டிவிட்டால் அது தன் நேரம் முடியும் வரை வெளியீட்டை உயர்த்தி வைத்திருக்கும். இடையில் வரும் மறுதூண்டல்களைக் காதில் போட்டுக்கொள்ளாது.

உணரிகள்

ரீட் சுவிட்ச்சும் காந்தமும் சேர்ந்த கதவு உணரியே எல்லாவற்றிலும் நம்பகமானது. பெல் தொலைபேசி ஆய்வகத்தின் வால்டர் எல்வுட் 1936-இல் உருவாக்கிய ரீட் சுவிட்ச், அடைத்த கண்ணாடிக் குழலுக்குள் இரண்டு மெல்லிய இரும்புக் கலவைத் தகடுகளைக் கொண்டது. காந்தம் அருகே வந்தால் தகடுகள் ஒட்டிக்கொள்ளும், விலகினால் பிரியும். குழலைக் கதவு நிலையிலும் காந்தத்தைக் கதவிலும் பொருத்த வேண்டும். ஈரம், தூசி, எறும்பு எதுவும் உள்ளே போகாது. மின்சாரமும் ஏறக்குறைய செலவாகாது. கதவு இருக்கும் இடத்தில் வேறு உணரியை யோசிக்க வேண்டியதே இல்லை.

திறந்த வாசலுக்கு உடல்வெப்ப உணரி, வழக்கில் பி.ஐ.ஆர். தோலின் வெப்பநிலையில் உள்ள பொருள், கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிரை 9.5 மைக்ரோமீட்டர் அலைநீளத்தை ஒட்டி மிகுதியாக வெளியிடுகிறது. பி.ஐ.ஆரின் உள்ளே அக்கதிரை உணரும் இரண்டு சிறு தகடுகள் ஒன்றுக்கொன்று எதிராக இணைக்கப்பட்டிருக்கும். இரண்டின் மேலும் ஒரே அளவில் வெப்பம் பட்டால் ஒன்றையொன்று ஈடுசெய்துவிடும். ஒன்றில் பட்டு மற்றொன்றுக்கு நகர்ந்தால்தான் சைகை பிறக்கும். மேலே கவிழ்த்திருக்கும் வெண்ணிறப் பாலித்தீன் குமிழ் அலங்காரத்துக்கு அல்ல: அது பல சிறு வில்லைகளின் தொகுப்பு, வாசற்பரப்பைக் கீற்றுக் கீற்றாகப் பிரித்து உணரியின் மேல் விழச் செய்கிறது. ஆள் ஒரு கீற்றிலிருந்து அடுத்ததற்குப் போவதே அசைவாகப் பதிகிறது.

இந்த அமைப்பு தெரிந்தால், உணரியை எங்கே மாட்டுவது என்பதும் தானே தெரிந்துவிடும். நேராக உணரியை நோக்கி நடந்து வருபவரைவிட, அதன் முன்னே குறுக்காகக் கடப்பவரையே அது எளிதில் பிடிக்கும். ஆகவே வாசலுக்கு எதிரே மாட்டாமல் பக்கவாட்டில் மாட்ட வேண்டும். சன்னல் கண்ணாடிக்குப் பின்னால் வைத்து வெளியே பார்க்கச் செய்ய முடியாது. சாதாரணக் கண்ணாடி அந்த அலைநீளத்தை விடாது. உணரிக்கு வேண்டியது உடலுக்கும் சுற்றுப்புறத்துக்கும் உள்ள வெப்ப வேறுபாடு. எனவே கத்திரி வெயிலில் சுவரே 36, 37 பாகையைத் தொடும் பகல்களில் உணரியின் எட்டும் தூரம் குறுகும். மார்கழிக் காலையில் நன்றாக வேலை செய்த மணி சித்திரை நண்பகலில் மந்தமாவது சுற்றின் கோளாறு அல்ல. மாலை வெயில் நேராக விழும் திசை, ஏ.சி.யின் காற்று வெளிவரும் இடம், அடுப்பங்கரையின் அனல் ஆகியவற்றையும் தவிர்க்க வேண்டும். குமிழின் மேலேயே பல்லி ஊர்ந்தால் மணி ஒலிக்கும். விளக்குக்கு அருகில் மாட்டாதிருந்தால் பல்லியும் வராது.

சந்தையில் எளிதாகக் கிடைக்கும் எச்.சி.-எஸ்.ஆர். 501 என்ற பி.ஐ.ஆர். அட்டை 5 முதல் 20 வோல்ட் வரை ஏற்கும். ஆள் பட்டால் 3.3 வோல்ட் வெளியிடும்; 3 முதல் 7 மீட்டர் வரை எட்டும். அதில் இரண்டு சிறு திருகுகள் இருக்கும்: ஒன்று எட்டும் தூரத்துக்கு, மற்றொன்று சைகை நீடிக்கும் நேரத்துக்கு. நேரத்தை மிகக் குறைவாக வைக்க வேண்டும். 'எச்', 'எல்' என்று குறித்த இணைப்புத் துண்டும் உண்டு. அதை 'எச்' நிலையில் வைத்தால், அசைவு தொடரும் வரை வெளியீடு இடைவிடாமல் உயர்ந்தே நிற்கும். நமக்கு வேண்டியது அதுதான்: வாசலில் நால்வர் நின்று பேசிக்கொண்டிருந்தாலும் மணி தொடக்கத்தில் ஒருமுறைதான் ஒலிக்கும்.

ஒளிக்கற்றை முறையில் வாசலின் ஒரு பக்கம் அகச்சிவப்பு எல்.இ.டி., மறுபக்கம் டி.எஸ்.ஓ.பி. 1738 போன்ற ஏற்பி. ஏற்பி 38,000 ஹெர்ட்ஸில் துடிக்கும் ஒளியை மட்டுமே மதிக்கும் என்பதால் வெயிலும் விளக்கும் அதை அவ்வளவாக ஏமாற்ற முடியாது. ஆனால் அந்தத் துடிப்பையும் இடைவிடாமல் அனுப்பினால் இரைச்சல் என்று கருதி அடக்கிவிடும். விட்டு விட்டுச் சிறு தொகுதிகளாக அனுப்ப வேண்டும். நன்றாகப் படித்துவிட்டுச் செய்பவருக்கே இது. எல்.டி.ஆர். என்ற ஒளித்தடையும் டார்ச்சும் வைத்துச் செய்யும் முறை பள்ளிக் கண்காட்சிக்குச் சரி. நிரந்தரமாக மாட்ட ஏற்றதல்ல.

555 இரண்டைக் கொண்ட சுற்று

கீழே விவரிக்கும் சுற்று 9 வோல்ட்டுக்கானது.

உணரியின் சைகை முதலில் பி.சி. 547 டிரான்சிஸ்டர் ஒன்றின் பேஸுக்கு வருகிறது. பி.ஐ.ஆர். அட்டையானால் அதன் வெளியீட்டை 10 கிலோ ஓம் வழியாக பேஸில் இணைக்க வேண்டும். ரீட் சுவிட்ச்சானால், பேஸிலிருந்து நேர்மின் முனைக்கு 100 கிலோ ஓம், பேஸிலிருந்து தரைக்கு ரீட். கதவு மூடியிருக்கும்போது ரீட் இணைந்து பேஸைத் தரையோடு கட்டி வைக்கும். கதவு திறந்ததும் விட்டுவிட, டிரான்சிஸ்டர் இயங்கும். எமிட்டர் தரையில், கலெக்டர் 10 கிலோ ஓம் வழியாக நேர்மின்னில். ஆக, எந்த உணரியானாலும் ஆள் வந்த கணத்தில் கலெக்டரின் மின்னழுத்தம் சட்டென்று கீழே விழும். அந்த வீழ்ச்சியை 0.1 மைக்ரோஃபாரட் மின்தேக்கி முதல் 555-இன் 2-ஆம் காலுக்குக் கடத்துகிறது. அந்தக் காலை 10 கிலோ ஓம் நேர்மின்னோடு தூக்கிப் பிடித்திருக்கும்; அதற்கு இணையாக 1என்4148 டயோடு ஒன்றை, கோடிட்ட முனை நேர்மின் பக்கம் இருக்குமாறு வைத்தால், கதவு மூடும்போது எதிர்த்திசையில் எழும் துடிப்பு ஐ.சி.யைத் தாக்காது.

முதல் 555 ஒற்றைத்துடிப்பு முறையில் இயங்குகிறது. 6, 7-ஆம் கால்களை ஒன்றாக இணைத்து, அங்கிருந்து நேர்மின்னுக்கு 100 கிலோ ஓம், தரைக்கு 10 மைக்ரோஃபாரட். துடிப்பின் நீளம், தடையையும் மின்தேக்கியையும் பெருக்கி வருவதின் 1.1 மடங்கு: இங்கே 1.1 நொடி. மணியின் மொத்த நீளம் இதுவே. 4-ஆம் காலும் 8-ஆம் காலும் நேர்மின்னில், 1-ஆம் கால் தரையில், 5-ஆம் காலிலிருந்து தரைக்கு 0.01 மைக்ரோஃபாரட்.

இரண்டாம் 555 சுரத்தைப் பிறப்பிக்கும் அலையியற்றி. நேர்மின்னிலிருந்து 7-ஆம் காலுக்கு 10 கிலோ ஓம். 7-ஆம் காலிலிருந்து ஒன்றாக இணைத்த 2, 6-ஆம் கால்களுக்கு 8.2 கிலோ ஓம். அங்கிருந்து தரைக்கு 0.1 மைக்ரோஃபாரட். 8-ஆம் கால் நேர்மின்னிலும் 1-ஆம் கால் தரையிலும் சேரும். முதல் தடையோடு இரண்டாம் தடையின் இருமடங்கைக் கூட்டி, மின்தேக்கியின் அளவால் பெருக்கி, 1.44-ஐ அதனால் வகுத்தால் அதிர்வெண் வரும்: சுமார் 545 ஹெர்ட்ஸ். இது நம் கீழ்சுரம். இதன் 4-ஆம் காலை முதல் 555-இன் 3-ஆம் காலோடு இணைத்துவிட்டால், முதல் ஐ.சி. உயர்ந்திருக்கும் 1.1 நொடி மட்டும் இது ஒலிக்கும்; மற்ற நேரம் ஊமை.

மேல்சுரம் 5-ஆம் காலிலிருந்து வருகிறது. 555-க்குள் மூன்று சம அளவுத் தடைகள் மின்னழுத்தத்தை மூன்றாகப் பங்கிடுகின்றன. மின்தேக்கி மூன்றில் ஒரு பங்கிலிருந்து மூன்றில் இரண்டு பங்கு வரை ஏறி இறங்குவதே ஓர் அலை. அந்த மேல் எல்லை 5-ஆம் காலில் வெளியே தெரியும்: 9 வோல்ட்டில் அது 6 வோல்ட். அந்தக் காலை வெளியிலிருந்து கொஞ்சம் கீழே இழுத்தால், மின்தேக்கி ஏறவேண்டிய உயரம் குறையும், அலை சீக்கிரம் முடியும், சுரம் உயரும். 5-ஆம் காலிலிருந்து 47 கிலோ ஓம் பிரிசெட் (திருகி மாற்றும் தடை) ஒன்றையும், அதன் மறுமுனையில் இரண்டாவது பி.சி. 547-இன் கலெக்டரையும் இணைக்க வேண்டும், எமிட்டர் தரையில். டிரான்சிஸ்டர் இயங்கும்போது மேல்சுரம், ஓய்ந்ததும் கீழ்சுரம்.

இந்த டிரான்சிஸ்டர் முதல் அரை நொடிக்கு மட்டும் இயங்க வேண்டும். அதற்கு முதல் 555-இன் 3-ஆம் காலிலிருந்து 22 மைக்ரோஃபாரட், அதனோடு தொடராக 10 கிலோ ஓம், அப்புறம் பேஸ். மின்தேக்கியின் நேர்முனை ஐ.சி. பக்கம் இருக்க வேண்டும். பேஸிலிருந்து தரைக்கு இன்னொரு 10 கிலோ ஓம். வெளியீடு உயர்ந்ததும் மின்தேக்கி வழியே மின்னோட்டம் பாய்ந்து டிரான்சிஸ்டரை இயக்கும். மின்தேக்கி நிறைய நிறைய மின்னோட்டம் தேய்ந்து, சுமார் அரை நொடியில் டிரான்சிஸ்டர் ஓய்ந்துவிடும். ஓயும்போது சுரம் வெட்டினாற்போல் மாறாமல் சற்றே வழுக்கி இறங்கும். இந்தச் சிறு கமகம் கேட்க இனிமையாகவே இருக்கிறது. பேஸுக்கும் தரைக்கும் இடையே 1என்4148 ஒன்றை, கோடிட்ட முனை பேஸ் பக்கம் இருக்குமாறு வைக்க வேண்டும். வெளியீடு கீழே விழும்போது மின்தேக்கி பேஸை எதிர்மின்னுக்குத் தள்ளாமல் அது தடுக்கும். அடுத்த ஆளுக்கு மின்தேக்கி விரைவாகக் காலியாகவும் உதவும்.

இரண்டாம் 555-இன் 3-ஆம் காலிலிருந்து 100 மைக்ரோஃபாரட், 47 ஓம், 8 ஓம் ஒலிபெருக்கி, தரை. இந்த 47 ஓமை விட்டுவிடக் கூடாது. 555-இன் வெளியீடு தாங்குவது 200 மில்லி ஆம்பியர். 8 ஓம் ஒலிபெருக்கியை நேரடியாக மாட்டினால் அதைத் தாண்டிவிடும். இரண்டு ஐ.சி.களுக்கும் பக்கத்திலேயே நேர்மின்னுக்கும் தரைக்கும் இடையே 100 மைக்ரோஃபாரட்டும் 0.1 மைக்ரோஃபாரட்டும் வைக்க வேண்டும். சாதாரண 555 நிலை மாறும் ஒவ்வொரு முறையும் ஒரு கணம் பெரும் மின்னோட்டத்தை இழுக்கும்; அதைப் பக்கத்திலிருந்தே கொடுக்காவிட்டால் ஒரு ஐ.சி.யின் உதறல் மற்றதைத் தூண்டிவிட்டு மணி தானாக ஒலிக்கும். காரணம் தெரியாத தொல்லைகளில் பெரும்பாலானவை இங்கிருந்து வருபவை. இரண்டு 555-க்குப் பதில், இரண்டும் ஒன்றில் அடங்கிய பதினான்கு கால் 556-ஐயும் பயன்படுத்தலாம்.

சுருதி சேர்த்தல்

இரண்டாம் 555-இன் 4-ஆம் காலை முதல் ஐ.சி.யிலிருந்து கழற்றிவிட்டுத் தற்காலிகமாக நேர்மின்னில் இணைத்தால் கீழ்சுரம் விடாமல் ஒலிக்கும். அதுவே ஷட்ஜம் என்று மனதில் நிறுத்திக்கொண்டு, பிரிசெட்டின் கீழ்முனையை ஒரு கம்பியால் தரையில் தொட்டும் எடுத்தும் பார்க்க வேண்டும். தொடும்போது வரும் சுரம் அந்தர காந்தாரமாக அமையும் வரை பிரிசெட்டைத் திருக வேண்டும். கணக்குப்படி அது 17 கிலோ ஓம் அளவில் நிற்கும். அப்போது 5-ஆம் காலில் மல்டிமீட்டர் 5 வோல்ட்டை ஒட்டிக் காட்டும். ஐ.சி.க்குள் இருக்கும் தடைகள் ஒன்றுக்கொன்று சிறிது மாறுபடுவதால் கணக்கைவிடக் காதை நம்புவதே நல்லது. சுருதிப்பெட்டியோ ஆர்மோனியமோ பக்கத்தில் இருந்தால் வேலை சுலபம்.

ஒருமுறை சேர்த்த விகிதம் எளிதில் கலையாது. எல்லைகள் இரண்டும் மின்வழங்கியின் விகிதமாகவே அமைவதால் பேட்டரி இறங்கினாலும் இடைவெளி மாறாது. வெப்பத்தால் 0.1 மைக்ரோஃபாரட் மின்தேக்கி மாறினாலும் இரண்டு சுரமும் சேர்ந்தே நகரும். இருந்தாலும் இங்கே வட்டத்தட்டு செராமிக் மின்தேக்கியைத் தவிர்த்து பாலியெஸ்டர் வகையைப் போடுவது நல்லது.

சதுர அலையாதலால் ஒலியில் கொஞ்சம் முரட்டுத்தனம் இருக்கும். 10 கிலோ ஓமும் 0.022 மைக்ரோஃபாரட்டும் சேர்ந்த வடிகட்டி வழியாக எல்.எம். 386 பெருக்கிக்குக் கொடுத்தால் கூர்மை மழுங்கி, ஒலியளவும் கூடும். அதைவிட எளிய மேம்பாடு ஒலிபெருக்கியைப் பெட்டிக்குள் வைப்பது. மேசையில் திறந்து கிடக்கும் ஒலிபெருக்கியின் முன்புற அலையைப் பின்புற அலை பெருமளவு அழித்துவிடுகிறது. பழைய ரேடியோவிலிருந்து எடுத்த மூன்று அங்குல ஒலிபெருக்கியை மூடிய மரப்பெட்டியின் முகப்பில் திருகிப் பொருத்தினால், கூடுதல் பெருக்கி இல்லாமலே சிறு வீட்டுக்குப் போதும்.

மின்வழங்கி

சாதாரண என்.இ. 555 சும்மா இருக்கும்போதே 9 வோல்ட்டில் 5 மில்லி ஆம்பியரை ஒட்டி எடுத்துக்கொள்ளும். இரண்டுக்குமாக 10-க்கு மேல். சதுர வடிவ 9 வோல்ட் அல்கலைன் பேட்டரியின் கொள்ளளவு 500 மில்லி ஆம்பியர்-மணி அளவு. இரண்டே நாளில் தீர்ந்துவிடும். பேட்டரிதான் வேண்டும் என்றால் 7555 போன்ற சீமாஸ் வகைகளுக்குப் போக வேண்டும்; அவை இதில் பத்தில் ஒரு பங்குகூட எடுப்பதில்லை. ஆனால் அவற்றின் உள்தடைகள் மிகப் பெரியவை. 5-ஆம் காலின் பிரிசெட்டையும் அதற்கேற்ப உயர்த்த வேண்டும். வெளியீட்டின் வலு குறைவாதலால் ஒலிபெருக்கிக்கு முன் ஒரு டிரான்சிஸ்டரும் வேண்டும். வழக்கமான தீர்வு 9 வோல்ட் அடாப்டர்.

230 வோல்ட்டிலிருந்து மின்மாற்றி இல்லாமல், மின்தேக்கி ஒன்றால் மின்னழுத்தத்தைக் குறைக்கும் சுற்றுகள் மலிவு கருதிச் சுற்றிவருகின்றன. இக்கருவிக்கு அவற்றை ஒருபோதும் பயன்படுத்தக் கூடாது. வாசல் உணரியின் கம்பி மழையில் நனையும், குழந்தைகளின் கைக்கு எட்டும். அச்சுற்றில் அந்தக் கம்பி வீட்டு மின்சாரத்தோடு நேரடித் தொடர்பில் இருக்கும். மின்மாற்றியோ தனிமைப்படுத்திய அடாப்டரோ இருந்தே ஆக வேண்டும்.

மின்வெட்டு முடிந்து மின்சாரம் திரும்பும்போது பி.ஐ.ஆர். அட்டை நிலைபெற ஒரு நிமிடம் வரை எடுத்துக்கொள்ளும். அதற்குள் இரண்டு மூன்று முறை பொய்ச்சைகை தரலாம். அது அட்டையின் இயல்பு. பழுது என்று எண்ணிப் பிரிக்க வேண்டியதில்லை.

நுண்கட்டுப்படுத்தி முறை

இதே வேலையை ஆர்டுயினோ அட்டையோ எட்டுக் கால் அட்டைனி 85-ஓ சில வரி நிரலில் செய்துவிடும். எத்தனை சுரம், எவ்வளவு நேரம், ஒருமுறை ஒலித்தபின் எத்தனை நொடி பொறுக்க வேண்டும் என்பதெல்லாம் எண்ணை மாற்றினால் மாறும். முன்வாசலுக்கு இரண்டு சுரம், கொல்லைப்புறத்துக்கு ஒன்று என்று பிரிப்பதும் எளிது. பழைய அமெரிக்க மணிகளில் இந்த வழக்கமே இருந்தது. பயன் மட்டுமே நோக்கமென்றால் இதுவே குறுக்குவழி. கற்றுக்கொள்வது நோக்கமென்றால் 555-ஐ விட்டுவிடக் கூடாது. மின்தேக்கி நிறைவதையும் காலியாவதையும் மல்டிமீட்டரின் எண்களில் பார்த்து, அதையே சுரமாகக் காதால் கேட்கும் வாய்ப்பை நிரல் தராது.

எந்த முறையில் செய்தாலும், முதல் 555-இன் (நுண்கட்டுப்படுத்தியானால் அதன் ஒரு காலின்) வெளியீட்டில் 1 கிலோ ஓம் வழியாகப் பளிச்சென்ற எல்.இ.டி. ஒன்றை இணைத்து, ஒரு கம்பி நீட்டி, வீட்டில் காது மந்தமானவர் வழக்கமாக உட்காரும் இடத்துக்கு எதிரே வையுங்கள். சில ரூபாய்ச் செலவுதான். யாராவது வந்தார்களா என்று ஒவ்வொரு முறையும் மற்றவரைக் கேட்டுத் தெரிந்துகொள்ளும் நிலை அவருக்கு வேண்டாம்.